பிலிப்பைன்ஸ் சாப்பாட்ட எங்க போய் சாப்பிடுறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூர்ல வேல பாக்குறேன், ஆபீஸ்ல பாதி பேர் பிலிப்பைன்ஸ்காரங்க, லீவு கிடைக்கிறப்போ எல்லாம் அவங்க ஊர் பக்கம் கிளம்பிடுவேன். அதனால ஊர்ல இருந்து யாராவது மணிலா, செபு டிக்கெட் போட்டா உடனே எனக்கு மெசேஜ் வந்துடும். கேக்குறது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா இங்கயே எழுதி வச்சிட்டேன்.

மணிலாவுல மால்ல சாப்பிட்டோம், எல்லாம் ஒரே இனிப்பு, உப்பு, எண்ணெய். இதுக்கா இவ்ளோ பில்டப்பு?

மால்ல சாப்பிட்டா அப்படித்தான் இருக்கும். பிலிப்பைன்ஸ்ல 7000க்கும் மேல தீவு இருக்கு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஐட்டம், அதுக்குன்னு ஒரு நேரம். லெச்சோன்னா முழுப் பன்னிய சுடுறது, அத காலைல பதினோரு மணிக்கு சாப்பிடணும், அதயே ராத்திரி எட்டு மணிக்கு வாங்குனா தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். தாஹோன்னு சோயா பலகாரம் விக்கிறவர் விடியக்காலைல தெருவுல கத்திட்டு போவாரு, எட்டு மணிக்கு எழுந்தா அவரு அடுத்த ஏரியாவுக்கு போயிருப்பாரு. சிசிக், பொடிசா கொத்துன பன்னித் தலக் கறி, சாயந்திரம் பீரோட சாப்பிடுறது. இது புரியாம மத்தியானம் ஒரு மணிக்கு ஃபுட்கோர்ட்ல எல்லாத்தையும் ஒரே டிரேல வாங்கி வச்சா எதுவுமே நல்லா இருக்காது.

இன்னொன்னு, அவங்க சமைக்கும்போது சுவைய முழுசா முடிச்சி குடுக்க மாட்டாங்க. மேஜைல வினிகர், சோயா சாஸ், கலமான்சின்னு குட்டி எலுமிச்ச, குட்டி மிளகா எல்லாம் இருக்கும், ஒரு சின்ன கிண்ணமும் இருக்கும், அதுல நீங்களே கலந்து தொட்டு சாப்பிடணும். நம்ம ஆளுங்க அந்த கிண்ணத்த தொடாமலே சப்புன்னு இருக்குன்னு எழுந்து வந்துடுவாங்க.

சரி, முதல் வேள சாப்பாடு எங்க?

எந்த ஊரா இருந்தாலும் கரிந்தேரியா. ரோட்டோரமா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஆஸ்பத்திரி வாசல்ல, கண்ணாடி பெட்டிக்குள்ள இல்லன்னா மூடி போட்ட சட்டிங்கள்ல பத்து பன்னெண்டு வகை வரிசையா வச்சிருப்பாங்க. பேர் தெரிய வேண்டாம், விரல நீட்டி காட்டுனா போதும், அதனாலதான் இதுக்கு துரோ துரோன்னு இன்னொரு பேரு. மூடிய திறந்து பாக்கலாம், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. பாதி அளவு கேட்டாலும் பல கடைல குடுப்பாங்க, அப்போ ரெண்டு மூணு வகை ருசி பாத்துடலாம். ஒரு கறி, ஒரு கப் சோறு, கூட சும்மா ஒரு கிண்ணம் சூப்பு, எல்லாம் சேத்து 100 பெசோ பக்கம் வரும், ஊரப் பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன.

நேரம்தான் முக்கியம். பத்தர மணில இருந்து பன்னெண்டுக்குள்ள போங்க, அப்பதான் எல்லாம் சூடா இறங்கி இருக்கும். ரெண்டு மணிக்கு மேல போனா ஆறிப்போன மிச்சம்தான். கடைல இருக்குற அம்மாவ ஆத்தேன்னு கூப்பிடுங்க, ஆம்பளயா இருந்தா கூயா, அக்கா அண்ணாதான் அது. வாக்கியத்துல நடுவுல ஒரு "போ" சேத்துக்கோங்க, அது மரியாதை, சிரிச்சிட்டே இன்னொரு கரண்டி ஊத்துவாங்க.

காலைலன்னா சிலோக். பூண்டு போட்டு வதக்குன சோறு, ஒரு முட்ட, கூட ஏதாவது ஒரு கறி. மாட்டுக்கறி வச்சா தப்சிலோக், லொங்கனிசான்னு அவங்க ஊரு சாசேஜ் வச்சா லொங்சிலோக், பால்மீன் வச்சா பங்சிலோக். இந்த பேர பிரபலம் பண்ணது மரிகினால இருக்குற தப்சி நி விவியன்னு ஒரு கடைன்னு சொல்லுவாங்க.

மணிலாவுல ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எங்க விடலாம் எங்க விடக்கூடாது?

மக்காத்தி, பிஜிசி மாதிரி பணக்கார ஏரியா பளபளப்பு எல்லாம் விட்டுடலாம். காலைல பினோன்டோ போங்க. 1594ல ஸ்பானிஷ்காரங்க காலத்துல உண்டான சைனாடவுன், உலகத்துலயே பழசு இதுதான்னு சொல்லுவாங்க. ஓங்பின் தெருவுல ஆரம்பிச்சி சந்து சந்தா நடக்கணும், நடந்துகிட்டே சாப்பிடுற ஏரியா இது. எண்ணெய்ல பொரிக்காத ஃப்ரெஷ் லும்பியா, உள்ள காய்கறி, கடல்பாசி, பொடிச்ச வேர்க்கடல எல்லாம் வச்சி சுருட்டித் தருவாங்க, அது ஒன்னு. சிப்பி ஆம்லெட் ஒன்னு. அப்புறம் எங் பீ டின் கடைல ஹோப்பியா, உள்ள பூரணம் வச்ச பலகாரம், 1912ல இருந்து இருக்குற கடை, ஊபேன்னு ஊதா கலர் வள்ளிக்கிழங்கு பூரணம் வச்ச ஹோப்பியாவாலதான் பேரு வாங்குனாங்க. அந்த ஏரியால ஊதா கலர்ல ஃபயர் இன்ஜின் ஒன்னு பாத்தீங்கன்னா ஆச்சரியப்படாதீங்க, ஹோப்பியா முதலாளி குடுத்த காசுல ஓடுற வாலண்டியர் வண்டி அது.

மத்தியானம் அங்க இருந்து நடந்தே கியாப்போ. சர்ச்சு பக்கம் கூட்டம் நெரியும், பர்ஸ முன்னாடி பாக்கெட்ல வச்சிக்கோங்க. பக்கத்துலயே 1976ல கட்டுன கோல்டன் மசூதி இருக்கு, அத சுத்தி தெக்க இருக்குற மின்டனாவ் தீவுல இருந்து வந்த முஸ்லிம் மக்களோட சாப்பாட்டுக் கடைங்க. இத பத்தி கீழ தனியா சொல்றேன், என்னக் கேட்டா மணிலாவுலயே நம்ம நாக்குக்கு ஒத்து வர்ற இடம் இதுதான்.

சாயந்திரம் தெம்பு இருந்தா ரோஹாஸ் புலவார்ல அரிஸ்டோகிராட், 1936ல ஆரம்பிச்சது. சிக்கன் பார்பெக்யூ, மஞ்ச கலர் சோறு, கடல சாஸ். குடும்பமா போறவங்களுக்கு சரியா இருக்கும்.

சிசிக் எல்லா ஊர்லயும் கிடைக்குதே, அதுக்குன்னு பம்பங்கா போகணுமா?

போகணும். மணிலால இருந்து 80 கிலோமீட்டர் சுமாருக்கு பம்பங்கா மாகாணத்து ஆஞ்செலெஸ் சிட்டி, பஸ்லயே போயிட்டு சாயந்திரம் திரும்பிடலாம். ரயில்வே டிராக் ஓரத்துல கடை வச்சிருந்த லூசியா குனானன்ங்குற அம்மா, எல்லாரும் ஆலிங் லூசிங்னு கூப்பிடுவாங்க, அவங்கதான் இப்ப நாம சாப்பிடுற சிசிக்க 1970கள்ல கொண்டு வந்தாங்கன்னு ஊரே சொல்லுது. பக்கத்துல கிளார்க்ல அமெரிக்க விமானப்படை தளம் இருந்துச்சு, அவங்க பன்னித் தலய சாப்பிட மாட்டாங்க, அது மலிவா வெளிய வரும். காது, கன்னம் எல்லாம் முதல்ல வேக வச்சி, அப்புறம் தீயில சுட்டு, பொடிசா கொத்தி, வெங்காயம், மிளகா, கலமான்சி, கோழி ஈரல் போட்டு சூடான இரும்புத் தட்டுல குடுப்பாங்க. 2017ல ஆஞ்செலெஸ் நகர சபை இத ஊரோட பாரம்பரிய சொத்துன்னு தனியா ஒரு சட்டமே போட்டுச்சு.

மணிலால இதுக்கு மேல முட்ட உடைச்சி ஊத்தி மயோனஸ் போட்டு குடுப்பாங்க. ஆஞ்செலெஸ்ல மயோனஸ் கேட்டு பாருங்க, அவங்க பாக்குற பார்வையே போதும்.

பம்பங்கால சிசிக் மட்டும் இல்ல. சான் ஃபெர்னாண்டோல எவ்ரிபடிஸ் கஃபேன்னு பழைய கடை, அங்க காமாருன்னு வயல்ல பிடிக்கிற பூச்சிய வறுத்து தருவாங்க, பெத்துத்தேன்னு தவளைக்குள்ள கறி அடைச்சி பொரிச்சும் தருவாங்க. தைரியம் இருக்குறவங்க பண்ணலாம். இல்லாதவங்க ராசோன்ஸ் கடைல ஹாலோ ஹாலோன்னு ஐஸ் போட்ட இனிப்பு சாப்பிட்டு வாங்க, அதுவும் இந்த மாகாணம்தான், குவாகுவா ஊரு. மத்த இடத்துல பத்து சாமான் போடுவாங்க, இவங்க வாழப்பழம், மகாபுனோ தேங்கா, லெச்சே ஃப்ளான்னு கேரமல் கஸ்டர்டு, இத மட்டும் போட்டு மேல பவுடர் மாதிரி ஐஸ், பாலு. மத்தது எல்லாம் எதுக்கு போடுறாங்கன்னு தோணிடும்.

உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஊரு எது?

இலோஇலோ, அதுக்கு எதிர்ல இருக்குற பாகோலோட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடல் கால்வாய், ஃபாஸ்ட் போட்ல ஒன்னு ஒன்றர மணி நேரம், அதனால ரெண்டையும் ஒரே டிரிப்புல முடிச்சிடலாம். 2023ல இலோஇலோவுக்கு யுனெஸ்கோ உணவு நகரம்னு பட்டம் குடுத்துச்சு, பிலிப்பைன்ஸ்ல அந்தப் பட்டம் வாங்குன முதல் ஊரு இதுதான், ஆனா இப்பவும் வெளிநாட்டு டூரிஸ்டு கூட்டம் செபு, போராகாய் பக்கமே ஓடுது, நமக்கு நல்லதா போச்சு.

இலோஇலோல லா பாஸ்னு ஒரு பகுதி இருக்கு, அங்க மார்க்கெட்டுக்குள்ளயே உக்காந்து பாச்சோய் சாப்பிடணும். முட்ட போட்ட மஞ்ச நூடுல்ஸ், எலும்பு சூப்பு, ஈரல், குடல், வறுத்த பூண்டு, மேல நொறுக்குன சிச்சரோன், அதாவது பொரிச்ச பன்னித் தோல், கேட்டா பச்ச முட்டயும் எலும்பு மஜ்ஜையும். நெதோங்ஸ், டெக்கோஸ், டெட்ஸ்னு மூணு பேரு, டெட்ஸ் 1945ல ஆரம்பிச்சது, எது பெஸ்ட்டுன்னு டாக்ஸில ஏறி கேட்டீங்கன்னா இறங்குற வரைக்கும் சண்டை ஓடும். எனக்கு மார்க்கெட்டுக்குள்ள இருக்குற கடைதான், சத்தமும் ஈரத் தரையும் புகையுமா இருக்கும், அங்க சாப்பிடுறப்போதான் ருசி. கூட ஒரு பண் இல்லன்னா புத்தோன்னு அரிசி கேக் வாங்கி சூப்புல தோய்ச்சி சாப்பிடுவாங்க.

அதே ஊர்ல கேபிஎல்னு போர்டு பாப்பீங்க. காடியோஸ், பாபோய், லங்கா. பாபோய்னா பன்னிக்கறி, லங்கா பலாக்காய், காடியோஸ் வேற ஒன்னும் இல்ல, துவர. ஆமா, நம்ம துவரதான், கருப்பு நிறத்துல இருக்குற வகை, முழுசா வேக வச்சி பத்துவான்னு ஒரு புளிப்புக் காயும் போட்டு பண்ணுவாங்க. குழம்பு கருநீலமா வரும், பாத்தா பயமா இருக்கும், வாய்ல வச்சா வீட்டு ஞாபகம் வந்துடும். மோலோ பகுதில பன்சித் மோலோ, பேருல பன்சித்னு இருக்கும், உள்ள நூடுல்ஸே இருக்காது, கறி வச்ச கொழுக்கட்டை போட்ட சூப்பு.

மே மாசம் போனா பக்கத்துல குயிமராஸ் தீவுக்கு போட்ல ஒரு நடை. மாம்பழத்துக்குன்னே இருக்குற தீவு, பூச்சி வந்துடக்கூடாதுன்னு வெளி மாம்பழத்த உள்ளயே விட மாட்டாங்க, நீங்க கையில வச்சிருந்தாலும் வாங்கி வச்சிப்பாங்க.

பாகோலோட்னா சிக்கன் இனாசல். லெமன்கிராஸ், கலமான்சி, வினிகர், இஞ்சி, பூண்டு எல்லாம் போட்டு ஊற வச்சி, அன்னாட்டோ விதை போட்ட எண்ணெய தடவித் தடவி கரில சுடுவாங்க. பெரிய கடைல தொடங்கி தெருமுன வரைக்கும் எல்லா இடத்துலயும் கிடைக்கும். ஆர்டர் பண்றது எப்படின்னா பா அப்படின்னா கால், பெச்சோ நெஞ்சு, பக்பக் இறக்கை, இசோல் வால் பகுதி. இசோல் ஒரு குச்சி கண்டிப்பா வாங்குங்க. சோத்து மேல அந்த ஆரஞ்சு எண்ணெய ஊத்திக்கணும், பக்கத்துல சினமாக் பாட்டில் இருக்கும், மிளகா, இஞ்சி, பூண்டு எல்லாம் ஊறுன தென்னங்கள்ளு வினிகர். கைலதான் சாப்பிடணும், நமக்கு சொல்லவே வேண்டாம். மாங் இனாசல்னு நாடு பூரா இருக்குற செயின், 2003ல இலோஇலோல ஆரம்பிச்சது, இப்ப ஜாலிபீன்னு இன்னொரு ஃபாஸ்ட்ஃபுட் கம்பெனி கைல, அன்லிமிடெட் சோறு தருவாங்க, அவசரத்துக்கு ஓகே, ஆனா பாகோலோட்ல நின்னுகிட்டு அத சாப்பிட்டா பாவம்.

செபுவுல லெச்சோன் எங்க?

சிட்டில பெரிய பேர் வச்ச கடைங்க இருக்கு, அங்க போகலாம். ஆனா தெக்கு பக்கம் 40 கிலோமீட்டர்ல கார்கார்னு ஊரு, அங்க மார்க்கெட்ல கிலோ கணக்குல வெட்டித் தருவாங்க, நான் அங்கதான் போவேன். செபு லெச்சோன்ல வயித்துக்குள்ள லெமன்கிராஸ், பூண்டு, வெங்காயத்தாள் அடைச்சி சுடுறதால உள்கறிலயே மணம் ஏறியிருக்கும், அதனால சாஸே வேண்டாம்பாங்க. மணிலா பக்கம் ஈரல் சாஸ் ஊத்தி சாப்பிடுவாங்க, இவங்களுக்கு அது கேவலம். காலைல போங்க, தோல் கண்ணாடி மாதிரி உடையிற நேரம் அதுதான்.

ராத்திரிக்கு சிட்டில ஃபுவெந்தே ஒஸ்மேன்யா பக்கம் லார்சியான். பார்பெக்யூ குச்சிங்கள நீங்களே எடுத்து குடுத்தா சுட்டுத் தருவாங்க, கைக்கு பிளாஸ்டிக் உறை வேற. சோறு பூசோன்னு தென்னங்குருத்துல பின்னுன குட்டிப் பொட்டலத்துக்குள்ள வெந்திருக்கும், கொத்தா தொங்க விட்டிருப்பாங்க. புகை அதிகம், நல்ல சட்ட போட்டுட்டு போகாதீங்க.

நான் சுத்த சைவம். ஏதாவது கிடைக்குமா, இல்ல பிஸ்கட் பாக்கெட் கட்டிட்டு போகவா?

கஷ்டம்தான், மறைக்க விரும்பல. காய்கறின்னு நினைச்சி வாங்குறதுல பாகூங் இருக்கும், அது இறாலயோ மீனயோ உப்பு போட்டு ஊற வச்சது, பினக்பெத்ல அது இல்லாம பண்ணவே மாட்டாங்க. பாத்திஸ்னு மீன் சாஸ் எல்லாத்துலயும். பச்சப்பயறு குழம்பு, வெள்ளிக்கிழம ஆனா எல்லா கரிந்தேரியாலயும் இருக்கும், பாக்க நம்ம வீட்டுது மாதிரியே இருக்கும், அடில பன்னிக்கறித் துண்டோ கருவாடோ கிடக்கும். அவங்களுக்கு கொஞ்சூண்டு கறி போட்டா அது கறி கணக்குலயே வராது. அதனால சைவம்னு மட்டும் சொன்னா பத்தாது, கறி வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், பாகூங் வேண்டாம்னு ஒவ்வொன்னா சொல்லணும்.

நம்பி சாப்பிடக்கூடியது எல்லாம் தெருவுலயும் பலகாரத்துலயும் இருக்கு. காலைல தாஹோ, வெதுவெதுன்னு மெத்துன்னு இருக்குற சோயா தயிர், மேல வெல்லப்பாகு, ஜவ்வரிசி. பாகுயோ மலைக்கு போனா பாகுக்கு பதிலா ஸ்ட்ராபெர்ரி ஊத்துவாங்க. துரோன் அப்படின்னா வாழப்பழத்த மைதா ஷீட்ல சுருட்டி சக்கர போட்டு பொரிச்சது, பனானா கியூ ஷீட் இல்லாம சக்கர போட்டு பொரிச்சி குச்சில குத்துனது. பலித்தாவ், சுமான், ஜினத்தான்னு தேங்காப்பால், அரிசி, வெல்லம் சேந்த அயிட்டம் பத்து பதினஞ்சு இருக்கு. சாப்பாட்டுக்கு கங்கோங் அடோபோ, கீரய சோயா சாஸ், வினிகர், பூண்டுல வதக்குறது, மீன் சாஸ் இல்லாம பண்ணச் சொல்லலாம். சோறும் சுட்ட கத்திரிக்காய் சாலட்டும் இருக்கு. முட்ட சாப்பிடுவீங்கன்னா தோர்த்தாங் தாலோங், கத்திரிக்காய சுட்டு முட்டைல தோய்ச்சி பொரிக்கிறது, பாதி பிரச்சன தீந்துச்சு.

பன்னி, மாடு சாப்பிட மாட்டேன். ஹலால் எங்க கிடைக்கும்?

மாடு வேண்டாம்னா புலாலோ, தப்பா, பாரெஸ் இதெல்லாம் தவிர்க்கணும். காரே காரேலயும் மாட்டு வால்தான், கெட்டியான வேர்க்கடலக் குழம்பு, தொட்டுக்க பாகூங். பேரக் கேட்டதும் நம்ம ஆளுங்களுக்கு இது நம்ம கறிதானோன்னு ஒரு சந்தேகம் வரும், அதுக்கு ஒரு கத உண்டு. 1762ல பிரிட்டிஷ்காரங்க மணிலாவ பிடிக்க வந்த படை மெட்ராஸ்ல இருந்துதான் கிளம்புச்சு, அதுல சிப்பாய்ங்களும் இருந்தாங்க, 1764ல படை திரும்பினப்போ சில பேர் திரும்பாம மணிலாக்கு பக்கத்துல காயிந்தாவுல தங்கிட்டாங்க. இது வரலாறு. காரே காரே அவங்க விட்டுட்டு போனதுன்னு சொல்றது கத, பம்பங்காக்காரங்க ஒத்துக்கவே மாட்டாங்க, அது எங்களுதும்பாங்க.

ஹலாலுக்கு நான் மேல சொன்ன கியாப்போ மசூதி ஏரியா. பாஸ்தில்னு வாழ இலைல சோறு, மேல உதிர்த்த கோழிக்கறி, விலை ரொம்ப கம்மி. மின்டனாவ்ல இருக்குற மரனாவ் மக்களோட பியாபரான், மஞ்சளும் தேங்காயும் போட்ட கோழி. எல்லாத்துக்கும் தொட்டுக்க பாலப்பா, சக்குராப்னு ஒரு வெங்காயத்தாள், இஞ்சி, மிளகா, வறுத்த தேங்கா சேத்து இடிச்சது, உறைக்கும், நல்லா உறைக்கும். மின்டனாவ் வரைக்கும் போறவங்க சாம்போவாங்கால காலைல சாத்தி சாப்பிடலாம், குச்சில சுட்ட கறி, காரமான செவந்த சாஸ்ல மூழ்கி வரும். பயணத்துக்கு முன்னாடி அந்தப் பக்கத்து பாதுகாப்பு நிலவரத்த ஒரு தடவ பாத்துக்கோங்க.

எங்கயுமே காரமே இல்லயா?

பிக்கோல். லூசோன் தீவோட தென்கிழக்கு வால் பகுதி, மயோன் எரிமலை இருக்குற இடம். சேப்பங்கிழங்கு இலைய காய வச்சி தேங்காப்பால்ல மிளகாயோட சுண்ட விட்டு பண்ற லாயிங், சுடுசோத்துல போட்டா வேற எதுவும் தேவப்படாது, உள்ள இறாலோ பன்னியோ கொஞ்சம் இருக்கும். டாராகா, லெகாஸ்பி பக்கம் ஃபர்ஸ்ட் கலோனியல் கிரில்ல மிளகா ஐஸ்கிரீம் இருக்கு, முதல்ல குளுகுளுன்னு போகும், அப்புறம் தொண்டைல பிடிக்கும். போட்டோவுக்கு நல்லது, ரெண்டாவது கப் யாரும் வாங்கி நான் பாத்ததில்ல. வரும்போது பிலி கொட்ட வாங்கிக்கோங்க, முந்திரிய விட எனக்கு அது பிடிக்கும்.

விகன் போறோம், பழைய வீடுங்கள பாக்க. சாப்பாடு?

பிளாசா பர்கோஸ்ல சாயந்திரம் எம்பனாடா. அரிசி மாவுல ஆரஞ்சு நிறத்துல மெல்லிசா தட்டி, பப்பாளிக்காய் துருவல், லொங்கனிசா, முழு முட்ட உடைச்சி ஊத்தி மடிச்சி பொரிப்பாங்க, லொங்கனிசா இல்லாமலும் கேட்டு வாங்கலாம். கரும்பு வினிகர் ஊத்திக்கணும், இந்தப் பகுதிக்கு இலோகோஸ்னு பேரு, இலோகோஸ் வினிகர்னாலே அது தனி. பாக்நெத், மொறுமொறுன்னு பொரிச்ச பன்னிக்கறி, அது பன்னி சாப்பிடுறவங்களுக்கு. போக்கி போக்கின்னு கத்திரிக்காய், தக்காளி, முட்ட மசியல் ஒன்னு இருக்கு, பேர கேட்டு சிரிப்பாங்க, ருசி நம்ம வீட்டு ருசி. மணிலால இருந்து ராத்திரி பஸ்.

தம்பான்னு சொல்றாங்களே, கடல் சாப்பாடு, அங்க ஏமாத்துவாங்களா?

மீன் மார்க்கெட்ல நாம வாங்கி, பக்கத்து ஓட்டல்ல குடுத்து சமச்சி சாப்பிடுறதுதான் தம்பா. மணிலால மகபகால் ரோட்டுல இருக்குறது பெருசு. எடைல கைவரிச காட்டுறவங்க இருக்காங்க, டாக்ஸிக்காரர் கூட்டிட்டு போற கடைக்கு போகாதீங்க, கிலோ விலையும் சமையல் கூலியும் தனித்தனியா முதல்லயே பேசிடுங்க, வாங்குன பைய நீங்களே தூக்கிட்டு போங்க. இறால் சினிகாங் பண்ணச் சொல்லுங்க, புளி போட்ட சூப்பு. மீன் பச்சையா வினிகர்ல ஊறுற கினிலாவ் சாப்பிடணும்னா டாவாவ், ஜெனரல் சாண்டோஸ் பக்கம் சாப்பிடுங்க, சூரை மீன் இறங்குற துறைமுகம் அங்கதான். டாவாவ்ல சூரைத் தாட சுட்டு ஒரு தட்டு முழுக்க குடுப்பாங்க. அங்க மெடிக்கல் படிக்கிற நம்ம ஊரு பசங்க நிறைய பேரு, தெரிஞ்ச பையன் இருந்தா கூட்டிட்டு போகச் சொல்லுங்க, எந்த கடை எத்தன மணி வரைக்கும்னு அவனுக்கு அத்துப்படி.

காசு செலவு பண்ண ரெடி, பெரிய ரெஸ்டாரன்ட் சொல்லுங்க.

2025 அக்டோபர் கடைசில மணிலா சுத்துவட்டாரத்துக்கும் செபுவுக்கும் முதல் முறையா மிஷெலின் லிஸ்ட் வந்துச்சு. ஹெல்முக்கு ரெண்டு ஸ்டார். டோயோ ஈட்டரிக்கு ஒன்னு, அங்க ஒரே தட்டுல 18 வகை காய் வச்சி ஒன்னு தருவாங்க, உள்ளூர் சாப்பாட்ட புதுசா பண்றதுன்னா இதுதான் என் சாய்ஸ். முன்னாடியே புக் பண்ணணும்.

பிலிப்பைன்ஸ் போக முடியல. வேற நாட்டுல நல்லா எங்க கிடைக்கும்?

ஒரே ஃபார்முலாதான், வேல பாக்குற பிலிப்பைன்ஸ் மக்கள் ஞாயித்துக்கிழம எங்க கூடுறாங்களோ அங்க போங்க. சிங்கப்பூர்ல ஆர்ச்சர்ட் ரோட்டுல லக்கி பிளாசா. தேக்கால, அதாவது லிட்டில் இந்தியால, நம்மாளுங்க கூடுறாங்கல்ல, அதே ஞாயிறு அவங்களுக்கு இங்க. பணம் அனுப்புற கடை, பார்சல் பெட்டி கட்டுற கடை, நடுவுல சட்டி வச்ச சாப்பாட்டுக் கடைங்க. கோலாலம்பூர்னா கோத்தா ராயா, பெட்டாலிங் ஸ்ட்ரீட்ல இருந்து நடக்குற தூரம், நம்ம மலேசியத் தமிழர் பல பேருக்கு தெரிஞ்ச கட்டடம்தான், உள்ள மாடி ஏறி பாத்திருக்க மாட்டாங்க. ஹாங்காங்ல சென்ட்ரல்ல வேர்ல்ட் வைட் ஹவுஸ். துபாய்ல கராமா, சத்வா, டேராவுல ரிக்கா பக்கம், அங்க நிறைய கடைல சிசிக்க கோழி, மீன்ல பண்றாங்க, பன்னி சாப்பிடாதவங்க முதல் தடவையா சிசிக் ருசி பாக்க அதவிட நல்ல ஊரு கிடையாது.

லண்டன்ல ஏர்ல்ஸ் கோர்ட். நியூயார்க்ல குயின்ஸ், வுட்சைட், ரூஸ்வெல்ட் அவென்யூ, ரயில் பாலத்துக்கு கீழ, 7 நம்பர் ரயில்ல இறங்கி நடந்தா வரிசையா இருக்கும், லிட்டில் மணிலான்னே பேரு. சிகாகோவுல கசாமான்னு ஒரு ரெஸ்டாரன்ட், 2022ல மிஷெலின் ஸ்டார் வாங்குச்சு, உலகத்துலயே பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக்கு கிடைச்ச முதல் ஸ்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு டேபிள் கிடைக்கிறது குதிரக்கொம்பு, காலைல பேக்கரிக்கு போங்க, வரிசைல நின்னா லொங்கனிசா வச்ச பண் கிடைக்கும்.

ஜாலிபீக்கு போறது வேஸ்ட்டா?

வேஸ்ட்டு இல்ல, ஒரு தடவ போங்க. 1978ல இருந்து ஓடுது, மெக்டொனால்ட்ஸ அதோட சொந்த ஆட்டத்துல ஜெயிச்ச கடை. சிக்கன்ஜாய்னு பொரிச்ச கோழி, கிரேவி, சோறு. ஸ்பாகெட்டி இனிப்பா இருக்கும், உள்ள சிவப்பு ஹாட்டாக் துண்டு, குழந்தைங்களுக்கு பிடிக்கும். பீச் மேங்கோ பை சூடா சாப்பிடணும். அமெரிக்கால முதல் கடை 1998ல டேலி சிட்டில, சிங்கப்பூர்ல 2013ல லக்கி பிளாசாவுலயே. ஞாயித்துக்கிழம கியூ நீளத்த பாத்தாலே தெரியும் அது வெறும் சிக்கன் இல்லன்னு, ஊருக்கு போக முடியாதவங்க நிக்கிற கியூ அது.

பலுட் சாப்பிட்டே ஆகணுமா?

யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க, யூட்யூப்காரங்கதான் கட்டாயப்படுத்துறாங்க. 16, 18 நாள் வளந்த வாத்து முட்ட, பாதேரோஸ் பக்கம் பேர் போனது. ராத்திரி கூடையோட வருவாங்க. சாப்பிடுறதா இருந்தா மேல சின்ன ஓட்ட போட்டு முதல்ல சூப்ப உறிஞ்சுங்க, உப்பு, மிளகா வினிகர், இருட்டுல சாப்பிடுங்க. சூப்பு நல்லாத்தான் இருக்கும், மிச்சம் உங்க இஷ்டம்.

எந்த மாசம் போகலாம்?

சாப்பாட்டுக்காகவே போறீங்கன்னா டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும். சிம்பாங் காபின்னு விடியக்காலைல சர்ச்சுல பூசை, முடிஞ்சி வெளிய வந்தா வாசல்ல கரி அடுப்பு மேலயும் கீழயும் வச்சி பிபிங்கான்னு அரிசி கேக், மூங்கில் குழாய்ல வேக வச்ச ஊதா கலர் புத்தோ பும்போங், மேல வெண்ண, தேங்கா, வெல்லம். மத்த மாசமும் கடைல கிடைக்கும், அந்த குளிர்ல அந்த வாசல்ல நின்னு சாப்பிடுறது தனி. மே 15ம் தேதி லுக்பான்ல பஹியாஸ் திருவிழா, வீட்டு வாசல் எல்லாம் அரிசி அப்பளத்தாலயும் காய்கறியாலயும் தோரணம், தெருவுல பன்சித் ஹப்ஹப், வாழ இலைல நூடுல்ஸ், ஃபோர்க் கிடையாது, இலைய வாய்கிட்ட தூக்கி அப்படியே உள்ள தள்ளணும்.

14 நாள் விசா ஃப்ரீன்னாங்க, எப்படி பிரிக்கலாம்?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூன்ல இருந்து 14 நாள் டூரிஸ்டா விசா இல்லாம விடுறாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ரூல் மாறிருக்கான்னு பாத்துக்கோங்க. மணிலாவுக்கு ரெண்டு நாள், நடுவுல பம்பங்கா ஒரு நாள், அப்புறம் ஃப்ளைட்ல இலோஇலோ மூணு நாள், போட்ல பாகோலோட் ரெண்டு, கடைசில செபு மூணு. மிச்ச நாள் எங்கயாவது கடல்ல கிடங்க, வயித்துக்கும் ரெஸ்ட் வேணும். விகனையும் பிக்கோலையும் இதுக்குள்ள திணிக்காதீங்க, பஸ்லயே பாதி டிரிப் போயிடும்.

வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வர்றது?

செபுல காஞ்ச மாம்பழம், ஓதாப்னு சக்கர தூவுன மொறுமொறு பிஸ்கட். பாகோலோட்ல பியாயா, நாட்டுச் சக்கர பூரணம் வச்சி தட்டுனது. பினோன்டோ ஹோப்பியா ரொம்ப நாள் தாங்காது, கடைசி நாள் வாங்குங்க. செபு தாபோவான் மார்க்கெட்ல டாங்கித் கருவாடு அருமையா இருக்கும், மூணு கவர் போட்டு சீல் பண்ணித் தரச் சொல்லுங்க, இல்லன்னா பெட்டில இருக்குற துணி எல்லாம் அந்த வாசன ஏறிடும். டாவாவ்ல டூரியன் பழத்த ஃப்ளைட்ல விட மாட்டாங்க, டூரியன் மிட்டாய் விடுவாங்க.